நான் அவரை முந்திய வாரங்கள்

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடைக்காலம் அது. கோவையில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடும் தூரத்தில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. மூட்டுவலிக்காக டாக்டர் சொல்லி அங்கே தண்ணீரில் இறங்கியவள் நான். ஐம்பது வயதைத் தாண்டியபோது, மூத்தோர் நீச்சல் போட்டிகளுக்குப் போகும் அளவுக்குப் பைத்தியம் முற்றியிருந்தது.

எனக்குப் பிடித்தது எண்ணூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராததும் அதுதான். நெடுந்தூரம் நீந்த நிதானம் வேண்டும். நானோ பிறவி அவசரக்குடுக்கை. முதல் போட்டியில் விசில் ஊதியதும் பக்கத்து லேன் பெண்களை எல்லாம் விட்டுவிட்டுப் பறந்தேன். பாதித் தூரத்தில் கை கனத்து, மூச்சு முட்டி, லேன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று.

"முதல் நூறு மீட்டர்ல நீங்க போனது உங்க வேகம் இல்லீங்க்கா, உங்க அவசரம்" என்றார் கோச். பொள்ளாச்சிக்காரர், என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். சுருக்கென்று இருந்தாலும் உண்மைதானே! ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் நீந்தி, அந்த எண்ணூறை ஒரே ஒரு தடவையாவது முடித்துவிட வேண்டும் என்பதுதான் அதன்பிறகு எனக்கு ஒரே ஆசை.

அதற்கு வழி சொன்னவர் என் வீட்டுக்காரர். அவருக்கு நீச்சலே தெரியாது. காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர், கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடப் பயப்படுவார். என்னைக் குளத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதோடு சரி. ஆனால் அவருடைய நடை எங்கள் சொந்தபந்தம் பூராவும் பிரசித்தம். பஸ் கிளம்பினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, அதே நடைதான். அந்த நடையால் நாங்கள் விட்ட பஸ்களுக்கும் முகூர்த்தங்களுக்கும் அளவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அதற்காகவே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனம்மணி, நான் கரையில நடக்கறேன். நீ என்ர காலைப் பாத்துட்டே வா. காலைத் தாண்டவும் வேண்டாம், பின்னால நின்னுபோடவும் வேண்டாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோச் சிரிக்கவில்லை. அவரை நாலைந்து தடவை நடக்கவிட்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே நேரம். "அண்ணன் நடையைப் பாத்து வாட்சையே சரி பண்ணிக்கலாமுங்க" என்று அதிசயப்பட்டார்.

அன்றிலிருந்து சுவரை ஒட்டிய லேன் எனக்கு. என்னவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கோயிலைச் சுற்றுவதுபோல் கரையோரம் நடப்பார். மூச்சுக்கு முகத்தைத் திருப்பும் ஒரு நொடியில் இரண்டு பாதங்களும் வேட்டியின் கரையும் தெரியும். மூக்குக் கண்ணாடி போடாமல் எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது, அதுவும் மசங்கலாகத்தான். போகும்போது அவர் என் வலப்பக்கம் இருப்பார், திரும்பும்போது இடப்பக்கம் வந்துவிடுவார். எனக்கோ வலப்பக்கம் மட்டும்தான் மூச்சு வாங்க வரும். இடப்பக்கமும் பழகச் சொல்லிக் கோச் எத்தனையோ நாள் தொண்டை கிழியக் கத்தியும் வராத அந்த மூச்சு, அவரைப் பார்க்க வேண்டும் என்றதும் தன்னால் வந்துவிட்டது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

எண்ணூறு மீட்டரையும் அவர் காலோடு காலாக முடிக்க ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் கோச்சுக்குக் கல்யாணம் வந்தது. மூன்று வாரம் சொந்த ஊரிலேயே இருந்துவிட்டார். நேரம் பார்ப்பது அவர் வேலை, அதில் நாங்கள் கை வைக்கவில்லை. எங்களுக்கு அந்த நடை போதுமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் நான் அவரை முந்த ஆரம்பித்தேன். முதலில் கடைசிச் சுற்றில் மட்டும் அவர் பாதம் கொஞ்சம் பின்தங்கியது. பிறகு பாதித் தூரத்திலேயே. அடுத்த வாரம் நான் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை! நிதானமாக நீந்தியே வேகம் கூடிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"ஏனுங்க, உங்களையே தாண்டிப்போட்டேன், பாத்தீங்களா?" என்று தண்ணீரிலிருந்தே கேலி செய்வேன்.

"நெம்ப வேகமாயிட்ட அம்மணி" என்று பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவர் முகமெல்லாம் பூரிப்பாக இருக்கும்.

கோச் திரும்பி வந்ததும் முதல் வேலையாக நேரம் பார்க்கச் சொன்னேன். உயிரைக் கொடுத்து நீந்திவிட்டு, தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். வாட்சைப் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். "பழைய நேரமேதானுங்க்கா, ஒண்ணும் குறையல" என்றார்.

"அப்புறம் எப்படி நான் இவரைத் தாண்டுறேன்?" என்று சண்டைக்குப் போனேன்.

கோச் பெஞ்சின் பக்கம் திரும்பி, "அண்ணா, ஒருக்கா நடந்து காட்டுங்க" என்றார் மெதுவாக. என்னவர் எழுந்து நடந்தார். கோச் வாட்சைப் பிடித்தபடி நின்றார். பாதி வழியில் என்னவர் மதில் சுவரில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினார். நான் கரையேறி, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பாதங்களைப் பார்த்தேன். இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. ஐயோ, மூன்று வாரமாக நான் பார்த்துப் பார்த்து நீந்திய கால்கள் அவை!

இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, அதனால்தான் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே கேட்டேன், "உங்களுக்குக் கூடவா தெரியல? முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"மூச்சு வாங்குச்சு, வெயிலுன்னு நெனச்சுட்டேன். நீதான் வேகமாயிட்டேன்னு நானும் நம்பிப்போட்டேன் அம்மணி" என்றார். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அந்த மூணு வாரமும் எவ்வளவு சந்தோசமா இருந்தேன் தெரியுமா?" என்றார்.

தீபாவளியைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அடுத்த வருடம், வேண்டாம் வேண்டாம் என்றவளைக் கோச்தான் விடாப்பிடியாகப் போட்டியில் சேர்த்துவிட்டார். நடு லேன் கொடுத்திருந்தார்கள். விசில் ஊதியதும் மற்றவர்கள் பறந்தார்கள். நான் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினேன், கயிறும் தண்ணீரும்தான் தெரிந்தன. இடப்பக்கம் திருப்பினேன், அங்கேயும் அதேதான். மனதுக்குள் அவரை நடக்கவிடலாம் என்று பார்த்தேன். அவருடைய பழைய நடை வரவே இல்லை. கடைசி வாரங்களில் நடந்தாரே, அந்த நடைதான் வந்தது. சரி, இந்தத் தடவை இவரைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து எதுவும் தெரியாமல் போனபோதும், தாண்டாமல் போனேன்.

எண்ணூறையும் முடித்தேன். கடைசியாக வந்தேன். மற்றவர்கள் அதற்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். கோச் குனிந்து கைகொடுத்தார். "ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே வேகமுங்க்கா" என்றவர், வாட்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அது யாருடைய வேகம் என்று அவருக்கும் தெரியும்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, "நான் எவ்வளவோ முன்னேறிட்டேனுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னால், கூட வந்தவங்க நல்லா இருக்காங்களா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.