டொல்பின் வயிற்றில் பொன்னிற இழை

1. கிழக்குக் கரையில் ஒரு டொல்பின் செத்துக் கரையொதுங்கியது.
2. அதன் இரைப்பையில் பாதி, ஐஸ் பெட்டியில் ஏறி, கடலே இல்லாத பதுளைக்கு வந்து சேர்ந்தது.
3. பெட்டி வந்ததை முன்னிட்டு ஆய்வுகூடத்துக்குள் ஒரு பாராட்டு விழா நடந்தது.
4. மாதிரியில் பொன்னிற இழைகள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டேன்.
5. நான் சோதனையை முடிப்பதற்குள் அது செய்தியாகிவிட்டது.
6. மேலே மூன்றாவதாக உள்ளதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று என்னிடம் சொல்லப்பட்டது.

கடல் பாலூட்டிகளின் வயிற்றில் நுண்பிளாஸ்டிக் தேடும் வேலை மலையில் ஏன் நடக்கிறது என்று கேட்காதவர்கள் குறைவு. உப்புக் காற்று பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அதனால் நன்கொடையாக வந்த அகச்சிவப்பு நுண்ணோக்கி, உப்புக் காற்று எட்டாத எங்கள் ஊருக்கு ஏற்றப்பட்டது. டொல்பினும் எட்டாது என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

இயந்திரத்தோடு ஒரு தற்காலிகப் பதவியும் வந்தது. அந்தத் தொழில்நுட்ப உதவியாளர் நான்தான். கடலோர அலுவலகத்தார் எங்கள் முதல் அறிக்கையை ஏற்றுக்கொண்டால் தொடர்ந்து மாதிரிகள் அனுப்புவார்கள், என் பதவியும் நீளும். ஏற்காவிட்டால் இயந்திரம் வேறு ஊருக்குப் போகும். நான் தெமோதரைக்குப் பக்கத்தில் அம்மா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போவேன். அந்த டொல்பினின் அரை வயிற்றில்தான் என் வேலை இருந்தது.

விழாவுக்கு மாகாணத்து அரசியல் தலைவர் ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்தில் பொன்னாடை இல்லாமல் எதுவும் திறக்கப்படுவதில்லை. கழிப்பறைக்குக் கூட இரண்டு வேண்டும். தலைவருக்கு ஆய்வுகூடப் பொறுப்பாளரான சார் போர்த்தினார். சாருக்குத் தலைவர் போர்த்தினார். பெட்டியைக் கொண்டுவந்த சாரதிக்கும் ஒன்று கிடைத்தது. அவர் எதற்கென்று புரியாமல் கடைசிவரை கழற்றாமல் நின்றார். எல்லோருக்கும் போர்த்திய பிறகு ஒன்று மீந்துவிட்டது. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். போர்த்தப்படாதது அந்த அறையில் நுண்ணோக்கி மட்டும்தான். அதற்குப் போர்த்தினார். அவரோடு வந்த ஒருவர் அதன் நெற்றியாகத் தோன்றிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

குங்குமத்தை அன்று மாலையே துடைத்துவிட்டேன். பொன்னாடையை எடுக்கப் போனபோது சார் தடுத்தார். தலைவர் மறுபடி வரக்கூடும், வந்து பார்த்தால் மனம் நோகும், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். தூசு மூடியாகவும் பயன்படும் என்று ஒரு விஞ்ஞானக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். ஆகவே ஒவ்வொரு காலையும் நுண்ணோக்கியின் பொன்னாடையை மடித்து வைத்தேன். ஒவ்வொரு மாலையும் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனேன். கோயில் வேலை பார்ப்பது போல இருந்தது.

சோதனை சிக்கலானதல்ல. இரைப்பைத் துண்டைக் காரக் கரைசலில் கரைக்க வேண்டும். சதை கரைந்துவிடும், பிளாஸ்டிக் கரையாது. வடிகட்டியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கும் கைரேகை போலத் தனக்கென்று ஒரு கோட்டை வரைந்து காட்டும். இதோடு வெற்று மாதிரி என்று இரண்டு மூன்றும் ஓட்டுவோம். அது டொல்பின் இல்லாத டொல்பின் சோதனை. அதே கரைசல், அதே வடிகட்டி, அதே மேசை, வயிறு மட்டும் இல்லை. அதில் ஏதாவது இழை அகப்பட்டால் அது எங்கள் அறையிலிருந்து விழுந்தது என்று அர்த்தம்.

டொல்பினின் வடிகட்டியில் மூன்று வகை இழைகள் இருந்தன. நீல நிறத்தில் மீன்பிடி வலை நூல். வெள்ளையாக, தட்டையாக, உரச் சாக்கில் பிரியுமே அந்த மாதிரி நார். மூன்றாவது பொன்னிறமாக மினுங்கியது. நான் வெற்று மாதிரியைப் பார்க்கத் தொடங்குமுன் தலைவரின் செயலாளர் வேறு ஏதோ அலுவலாக உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கைபேசியில் படம் எடுத்தார். அன்று மாலைக்குள் பேஸ்புக்கிலும், இரண்டு நாளில் ஒரு பத்திரிகையிலும் பொன் வயிற்று டொல்பின் வந்துவிட்டது. இது வெளிநாட்டுக் கப்பல்களின் வேலை என்று தலைவர் அறிக்கை விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து எடுப்பவர். பெரட்டுக்களத்தில் முந்தின நாள் காலையில் வேலை பிரிக்கும்போதே செய்தி பரவியிருந்தது. பக்கத்து லயத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, அந்தத் தங்கம் கருவாட்டிலும் வருமா என்று விசாரித்தார். அது மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி என்று அம்மா திருத்தினார்.

"பால் குடுக்குற சாதின்னா பொம்பளப் புள்ள பெத்திருக்கும்," என்றார் அக்கா. "நக சேக்காம என்ன செய்யும்?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். இருவரும் அதைக் கேட்கவில்லை. பவுன் விலைக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை வெற்று மாதிரிகளைப் பார்த்தேன். நீலம் இல்லை. வெள்ளை இல்லை. எல்லாவற்றிலும் பொன்னிறம் இருந்தது. வயிறே இல்லாத வடிகட்டியில், டொல்பினில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. என்னோடு வேலை செய்யும் தோழியைக் கூப்பிட்டேன். பதுளை பஸாரில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை இருக்கிறது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு மடித்து வைத்திருந்த பொன்னாடையைப் பார்த்தாள்.

"இது எங்கட கடைச் சாமான் புள்ள," என்றாள். "போட்டோவுக்கு மட்டும்தான் நல்லம். கையால தொட்டாலே கழண்டு கொட்டும்."

பொன்னாடையின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தேன். அதே பொலியெஸ்டர், அதே மினுக்குப் பூச்சு, அதே கோடு. நுண்ணோக்கி தன் சால்வையைத் தானே பார்த்து அடையாளம் சொன்னது.

சாரிடம் போனேன். அவர் மோசமான மனிதர் அல்ல. கூட்டங்களில் அதிகம் உட்கார்ந்தவர், அவ்வளவுதான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கத்த எடுத்துட்டா மிச்சம் என்னம்மா இருக்கு?"

"வலை நூலும் சாக்கு நாரும் சார்."

"சாக்கு நாருக்கு யாரு பத்திரிகையில எடம் குடுப்பா?"

சாக்கு நார்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் தோட்டங்களில் உரச் சாக்கு ஒருபோதும் குப்பையாவதில்லை. கதவுக்கு முன் கால்மிதியாகும், கோழிக்கூட்டுக்குக் கூரையாகும், மரக்கறிப் பாத்திக்கு வேலியாகும். வெயிலில் பொடிந்து கடைசியில் தண்ணீர் வடியும் கானுக்குள் போகும். கான் பதுளு ஓயா ஆற்றுக்குப் போகும், ஓயா மகாவலிக்கு, மகாவலி கிழக்குக் கடலுக்கு. டொல்பினுக்குள் இருந்தது எங்கள் சாக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. அதே சாக்கு வயலிலும் இருக்கிறது, துறைமுகத்திலும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் கப்பல் வரைக்கும் போகுமுன் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. இதைச் சொன்னபோது சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். பொன்னிற இழைகளின் தோற்றம் ஆராயப்பட்டு வருகிறது என்று ஒரு வரி போடுவோம் என்றார். விழாவைப் பற்றி ஒன்றும் வேண்டாம்.

"ஆராய்ஞ்சு முடிஞ்சிருச்சு சார். மெஷினுக்குப் பக்கத்துலதான் மடிச்சு வச்சிருக்கேன்."

"ஒன் வேலையும் இதுலதான் இருக்கு. அது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இரைப்பையின் மற்றப் பாதி இன்னும் கடலோர அலுவலகத்தின் குளிர்பெட்டியில் இருப்பதும் ஞாபகம் இருந்தது. அதை வேறொருவர் சோதித்தால் பொன் இருக்காது. அப்போது சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும், சாருடையது மேற்பார்வை என்ற இடத்தில் இருக்கும். இதை வரிசையாகச் சொன்னேன். மேற்பார்வை என்ற சொல் வந்ததும் சார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. தலைவரிடம் யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். சார் உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்து, என்னிடம் நீட்டிவிட்டு, ஒரு கோப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

தலைவரிடம் மெதுவாக விளக்கினேன். பொன்னாடையிலிருந்து இழை உதிர்ந்திருக்கிறது, அதுதான் மாதிரியில் கலந்திருக்கிறது, பத்திரிகைச் செய்தி தவறு.

"பயலுக மட்டமான துணிய வாங்கிட்டானுக," என்றார் தலைவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒங்க மெஷினுக்கு அவமானமாப் போச்சு. மன்னிச்சுக்கங்க மிஸ். அடுத்த தடவ நல்ல பட்டாக் கொண்டுவந்து போத்துறேன்."

சார் திரும்பி வந்து, தலைவர் கோபப்பட்டாரா என்று கேட்டார். இல்லை, மன்னிப்புக் கேட்டார் என்றேன். சார் அன்றே கையெழுத்துப் போட்டார். வெற்று மாதிரிகளின் முடிவுகள், பொன்னாடையின் கோடு, விழா நடந்த விபரம் எல்லாம் அறிக்கையில் இருந்தன. பொன்னிற இழைகள் டொல்பினுக்குரியவை அல்ல என்று ஒரு வரி தனியாக இருந்தது.

கடலோர அலுவலகத்திலிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது. அறிக்கையை ஏற்றுக்கொள்கிறோம். வலை நூலும் சாக்கு நாரும் உறுதிப்படுத்தப்பட வேண்டும், ஆகவே மீதிப் பாதியையும் அனுப்புகிறோம். பெட்டி வரும் நாளில் தயவுசெய்து யாரையும் அழைக்க வேண்டாம்.

இப்போதைய நிலை இது. பத்திரிகை திருத்தம் எதுவும் போடவில்லை. என் பதவி நான் எதிர்பார்த்தபடி ஒரு வருடத்துக்கு நீளவில்லை, மூன்று மாதத்துக்கு நீண்டிருக்கிறது. மீதிப் பாதி எங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. நாளை அதைக் கரைக்கத் தொடங்குகிறேன்.