கேட்டுக்கு வெளியே ஒரு தலை

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அங்கே மூட்டை தூக்கும் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, உப்புப் படிந்த புருவம், காதிடுக்கில் எப்போதும் ஒரு பீடி.

உள்ளே புகைத்தால் வேலை போகும், நடுவில் வெளியே போனால் அரைநாள் சம்பளம் போகும் என்று நோட்டீஸ் எழுதி ஒட்டியதே நான்தான். மறுநாள் பார்த்தால், மனிதர் கேட் கம்பிகளுக்கு நடுவே தலையை வெளியே நீட்டிப் பீடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

திரும்ப முடியாததால் ரோட்டைப் பார்த்தே பதில் சொன்னார். "காலு கம்பெனிலதான் சார் இருக்குது. வாய்தான் ரோட்டுல இருக்குது. எதுக்கு சார் சம்பளத்த புடிப்பீங்க?"

நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். அதில் பதில் இல்லை.

அடுத்த நாள் யாரும் பார்க்காத நேரத்தில், சட்டைப்பை சிகரெட்டோடு நானும் அந்தக் கேட்டுக்குப் போனேன். என் தலை நுழையவில்லை.