பஸ்ஸில் பாடிய விடைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணத் தேர்வு என்றாலே, பாடம் நடத்தும் எனக்கு வயிறு எரியும். கைடில் இருக்கும் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' பயிற்சியை வரிசைகூட மாற்றாமல் அப்படியே வினாத்தாளில் ஏற்றிவிடுவது வழக்கம். முக்கால்வாசிப் பிள்ளைகள் சதம் அடிப்பார்கள். நேற்று ஏன் வரவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால், எல்லாரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் சாயர்புரத்திலிருந்து ஒருத்தி பாதியில் வந்து சேர்ந்தாள். அவளிடம் எங்கள் கைடு இல்லை. முதல் தேர்வில் பாதி மார்க்குதான் வந்தது. வகுப்பிலேயே கடைசி. தலைமையாசிரியை அவளைத் தமிழ்வழி வகுப்புக்கு மாற்றத் தீர்மானித்துவிட்டார். இப்போதுதான் ஒரு பள்ளியை விட்டு வந்த பிள்ளை, மறுபடி எல்லாவற்றையும் மாற்று என்றால் என்ன செய்யும்? அவள் அழவில்லை. "இன்னொருக்க எழுதுதேன் டீச்சர்" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். வகுப்பில் என்னிடம் ஆங்கிலத்தில் எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

அந்த வாரம் மாப்பிள்ளையூரணி டவுன் பஸ்ஸில் என் பின்சீட்டில் ஒரே பாட்டு. "ஏ, டி, பி, பி, சி" என்று என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ராகம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"ஏளா, 'சி'க்குப் பொறவு என்னளா?"

"டி. அதுக்குப் பொறவு ரெண்டு ஏ."

கேள்வி என்னவென்று இரண்டு பேருக்குமே தெரியாது. இருங்க, உங்களுக்கு வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த வினாத்தாளை நானே தயாரித்தேன். அதே கைடு, அதே கேள்விகள். வரிசையை மட்டும் கலைத்துப் போட்டேன். தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே உப்பளத்தை வேடிக்கை பார்த்தார்கள். சாயர்புரத்துப் பிள்ளை மட்டும் மணி அடிக்கும்வரை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

திருத்தும்போது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வகுப்பு முழுக்க ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்திருந்தது. சதமடித்தவர்கள் யாரும் இருபதைத் தாண்டவில்லை. அவளுக்கு இந்தத் தடவையும் பாதி மார்க்குதான். ஆனால் இப்போது அதுதான் முதல் மார்க்.

தலைமையாசிரியை லேசில் மசியவில்லை. "நீங்க வேணும்னே குழப்பி வச்சிருக்கீங்க. அவ அம்மாவையும் வரச் சொல்லியாச்சு" என்றார். காய்கறிக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த அந்த அம்மா, வகுப்பு மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. "பேப்பர விடுங்க மேடம். நேத்து, இன்னைக்கு, நாளைக்குன்னு நீங்களே அவகிட்ட இங்கிலீஷ்ல கேளுங்க" என்றேன்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். நேற்றுக் கடையில் தக்காளி இறக்கியதைச் சொன்னாள். அம்மா இன்றைக்கு எதற்காகக் கடையை அடைத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுக்கியது; தானே திருத்திக்கொண்டாள். நாளைக்கு என்ன செய்வாய் என்று தலைமையாசிரியை கேட்டதும், அம்மாவைப் பார்த்துக்கொண்டே சத்தமாக ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்ன டீச்சர் சொல்லுதா?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"நாளைக்கும் இதே வகுப்புலதான் இருப்பேங்கா."

அந்த அம்மா பேனாவை மெல்ல மேஜைமேல் வைத்தார். "அப்பம் எனக்கு இங்கன சோலி இல்லல்லா?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

தலைமையாசிரியைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இல்லம்மா, நீங்க போய்க் கடையத் தொறங்க" என்றார்.