ரயில் கதவுக்கு உபசாரம் தெரியாது

1996 நவம்பர் 12, காலை 10.40. கல்கத்தாவில் இளவெயில். மகன் வீட்டுக்குப் போத்தனூரிலிருந்து போயிருந்த நானும் மனைவியும் காளிகாட் நிலையத்தில் பாதாள ரயிலுக்கு நின்றோம்.

ரயில் வந்ததும் அவள் ஏறிவிட்டாள். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒதுங்கி நின்று, “நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க” என்று ஒன்பது பேருக்கு வழிவிட்டேன். கதவு தானாக மூடிக்கொண்டது. தமிழ் தவிர வேறு பாஷை அறியாதவள், கையில் டிக்கெட்கூட இல்லாமல் போய்விட்டாள்.

அடுத்த ரயிலுக்கு எட்டு நிமிடம். அதில் ஏறிப் போனேன். நல்லவேளை, அடுத்த நிலையத்திலேயே இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, அத்தனை பேரையும் பந்தியில உட்கார வெச்சுப்போட்டு வாரீங்களா?”

வீடு திரும்பிச் சொன்னதும் மகன், “இனிமே டாக்சியிலயே போங்கப்பா” என்றான். முடியாது என்றேன். பதினேழு நிலையங்கள், தூசி இல்லை, ஹாரன் இல்லை. தப்பு என் உபசாரத்தில். ரயில் என்ன செய்யும்? மறுநாளே அதில்தான் போனோம்.

இப்போது கோவை டவுன் பஸ்ஸில்கூட அவளுடைய டிக்கெட் அவள் கையில். அவளுக்குப் பின்னாலேயே நானும் ஏறிவிடுகிறேன். யார் முறைத்தாலும் சரி.

அவளைச் சமாதானப்படுத்த வாங்கிய சேலை 385 ரூபாய்.