எண்ணெய் கலக்காத வண்டி

நேற்றுக் காலை அடையாறு சிக்னலில் என் பக்கத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தபோதுதான் அது நிற்பதே தெரிந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. பச்சை விழுந்ததும் நழுவிப் போய்விட்டது. எனக்கோ, சம்பந்தமே இல்லாமல், மூக்கில் எண்ணெய் கலந்த பெட்ரோல் வாசனை.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு அப்பா பங்க்கில் "லிட்டருக்கு இருபது மில்லி" என்று சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் நான். இஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஞானத்தோடு தி. நகரில் ஒரு பைக் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி எடுப்பவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது என் வேலை. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் என்னை இன்னும் நிரந்தரமாக்கியிருக்கவில்லை.

ஊரூர் குப்பத்து மீன் வியாபாரி ஆரோக்கியம் அண்ணன் அப்போது புதிதாக வந்திருந்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஒன்றை எடுத்தார்.

"எண்ணெ எவ்ளோமா ஊத்தணும்?"

தெரியாது என்று சொல்ல வெட்கம். "லிட்டருக்கு இருபது மில்லிண்ணே" என்றேன், இஞ்சினை நானே கண்டுபிடித்த தோரணையில்.

மூன்றே வாரத்தில் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "காலைல ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது. ஸ்டார்ட் ஆனாலும் பொகையா கக்குது. எனக்கு வாணாம், நீங்களே வச்சிக்கங்க!"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ குடுத்த வண்டி. அவர் விட்டுட்டுப் போனா நீயும் கெளம்பிடும்மா."

மெக்கானிக் பாஷா பாய் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. "பெட்ரோல்ல எண்ணெ கலந்துகீற நைனா. இதுக்கு இஞ்சின் அடியிலயே தனியா எண்ணெ கீது. எவன் ஊத்தச் சொன்னான்?"

ஆரோக்கியம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, வாயைத் திறக்கவில்லை. நானும் பேசாமல் இருந்திருந்தால் பழி அவர் தலையோடு போயிருக்கும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காததைத்தான் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாஷா பாய்க்கு அழுகையைக் கண்டால் ஆகாது. அவசரமாகப் பாடம் ஆரம்பித்தார். "அழாதம்மா. நம்ம டவுன் பஸ்ஸு கணக்கா நெனச்சிக்க. பிஸ்டன் எறங்குது, பின்வாசல்ல பெட்ரோலும் காத்தும் ஏறுது. பிஸ்டன் மேல வருது, எல்லாத்தையும் நெருக்குது. விசில் அடிக்கிறாப்ல பிளக்கு பொறி வுடுது, வெடிச்சி பிஸ்டன கீழ தள்ளுது. மறுபடி மேல வருது, பொகைய முன்வாசல்ல எறக்கி வுட்டுடுது. அவ்ளோதான் நாலு."

ஆரோக்கியம் அண்ணன் யோசித்தார். "வெடிக்கிறது ஒரு வாட்டிதான? மிச்சம் மூணு வாட்டி யாரு தள்றது?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலைண்ணே" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன். "பாய்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"உள்ள ஒரு கனமான சக்கரம் கீது" என்றார் பாய். "ஒரு தபா தள்ளிட்டா போதும். அந்த வேகத்துல மிச்சம் மூணையும் அதுவே சுத்திடும்."

ஆரோக்கியம் அண்ணன் சிரித்துவிட்டார். மேனேஜரிடம் திரும்பி, "டாங்க்க கழுவிக் குடு சார், எடுத்துக்கினு போறேன். இந்தப் பொண்ண அனுப்பினீன்னா வண்டி மறுபடி இங்கதான் வரும்" என்றார்.

வேலை தங்கியது. அங்கேயே எட்டு வருடம் இருந்தேன்.

இன்று அந்த ஷோரூம் இருந்த இடத்தில் துணிக்கடை. பங்க்கில் எண்ணெய் அளந்து ஊற்றும் குழாய் போயே போய்விட்டது, நீலப் புகையும் போய்விட்டது. என்னிடமிருந்தும் ஒன்று அன்றோடு காணாமல் போனது: தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம். அதை மட்டும் நான் தேடவே இல்லை.