ஷட்டர் பிடித்த ஆட்டக்காரன்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு மேஸ்திரி வேலை. ஆனால் மனதுக்குள் நான் வாலிபால் ஆட்டக்காரன். மில் அணியில் வலையோரம் நின்று எம்பி அடிப்பது என் பொறுப்பு. எம்பினால் வலைக்கு மேலே என் மார்பு தெரியும் என்று நம்பியிருந்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பி மனைவி தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

மனைவியின் அக்கா கணவர், என் சகலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய பழைய கேமராவில் எடுத்த என் படம் ஒன்று வீட்டில் தொங்கியது. அதில் கைகால் எல்லாம் கலங்கிப் புகை மாதிரி இருப்பேன். வருகிறவர்களிடம், "நம்ம வேகம் கேமராவுக்கே பிடிபடல" என்பேன்.

ஒருநாள் சகலை வேறு கேமரா வாங்கினார்.

"சகலை, இதுல ஷட்டரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குதான் தெறக்கும். பறக்குற ஈகூட அப்படியே நிக்கும்."

"ஈ எதுக்கு? ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு வாங்க, நான் இருக்கேன்."

வந்தார், எடுத்தார். அடுத்த வாரம் மனைவியோடு பஸ் ஏறி ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலில் மற்றவர்களின் படங்களைக் காட்டினார். ஒருவனின் குதிகாலிலிருந்து உதிர்ந்த மண் அந்தரத்தில் நின்றது. இன்னொருவனின் உள்ளங்கை பட்டுப் பந்து லேசாக நசுங்கியிருந்தது. என் படத்தை எடுக்க மட்டும் தயங்கினார்.

"காட்டுங்க சகலை."

தரைக்கும் என் காலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கண்கள் இறுக மூடியிருந்தன. நாக்கு வெளியே தொங்கியது. பந்து என் காதைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"கேமராவுல கோளாறு இருக்குமோ?"

"கேமரா சுத்தமா இருக்கு" என்றார் சகலை, என் முகத்தைப் பார்க்காமல்.

மனைவி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கா தெனம் ரெண்டு முட்ட?"

மற்ற படங்களும் அதே லட்சணம்தான். பந்து உச்சியில் இருக்கும்போது நான் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது இறங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு எம்பும் ஞாபகமே வந்திருக்கிறது. பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் சரியில்லை என்று அத்தனை வருடமும் நான் திட்டியது வீண்.

ஆறுதல் சொல்வான் என்று எங்கள் கேப்டனிடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் என்னைவிட இளையவன். பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டான்.

"அண்ணாச்சி, இத உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க பின்னாடி நின்னு வார பந்த எடுத்துக் குடுங்க. அங்க குதிக்க வேண்டாம்."

பின்வரிசைக்குப் போனேன். ஆரம்பத்தில் அவமானமாக இருந்தது. பொறுமையாக நின்று பழகியபோது பந்து எங்கே விழும் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு ஆட்டத்தில், எல்லோரும் கைவிட்ட பந்தை மண்ணில் மார்படிக்கப் பாய்ந்து எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எழுந்ததும் சகலையைத் தேடினேன். கேமராவைப் பையில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"மானம் இருட்டிக்கிட்டு வருது சகலை. இந்த வெளிச்சத்துல ஆயிரத்துல ஒரு பங்குல எடுத்தா படம் ஒண்ணும் விழாது."

ஆட்டம் பார்க்க வந்திருந்த மனைவி நான் பாய்ந்ததைப் பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேலி எதுவும் பேசாமல், தோல் உரிந்த முழங்கையைக் கழுவி மருந்து போட்டுவிட்டாள்.