இறங்கி வராத வண்டிகள்

மதுரையில் காலையில் இறங்கினேன். கொழும்பு விமானம் மாலையில்தான். இடைப்பட்ட பகலில் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து, கேரள எல்லையிலுள்ள குமுளி வரை ஏறித் திரும்பிவிடலாம் என்று வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டியவர் கம்பத்துக்காரர். ஸ்டீயரிங்கின் மேல் அவர் கைகள் தூங்கும் பூனைகளைப் போலக் கிடந்தன.

லோயர் கேம்பில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஓரங்கட்டினார். இறங்கி வரும் ஒரு டிரைவரிடமாவது “மேல எப்படி?” என்று கேட்காமல் ஏறமாட்டாராம்.

மதியம் தாண்டும்வரை நின்றோம். வண்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. மலை மேகத்தைத் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது.

“பார்டர்ல செக்கிங்கா இருக்கும்,” என்றேன்.

“செக்கிங்னா லாரிதான் நிக்கும். பைக்குகூட வரலையே சார்.”

போனைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “வீட்டுக்காரி காலையில ஏலத்தோட்ட ஜீப்புல இந்த ரோட்லதான் ஏறுனா. லைன் போகல.”

“நான் வேற வண்டி பிடிச்சுக்கிறேன். நீங்க போங்க.”

“இங்கன ஏது சார் வண்டி? பிளேன் உங்களுக்காக நிக்காது. அவ எனக்காகக் கொஞ்சம் நிப்பா,” என்று சிரிக்கப் பார்த்தார். காரைத் திருப்பினார்.

மதுரை வரை கண்ணாடியில் பின்னால் விலகும் சாலையையே பார்த்து ஓட்டினார். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுத்தவர், பிடியை விடாமல் கேட்டார்: “பிளேன்ல இருந்து பாத்தா அந்த மலைரோடு தெரியுமா சார்? தெரிஞ்சா, வண்டி ஏதும் இறங்குதான்னு பாருங்க.”

பார்த்ததை எப்படிச் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நெற்றி விமான ஜன்னலில் பதிய மேற்கே பார்த்தேன். மேகம்தான். கொழும்பு வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.